இரண்டு கட்டை தூரத்துக் கடல்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பிரதான மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1999ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவி. தற்போது கனடாவின் வன்கூவர் தீவில் குடும்ப மருத்துவராகப் பணியாற்றுகிறார்.)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசும்படிதான் கேட்டார். நான் ஒரு வள்ளப் பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். சிறிது நேரம் மௌனம். பிறகு "பகிடியோ?" என்று கேட்டார். பகிடி இல்லை. இந்த உரையின் முடிவில் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அதற்கான காரணம் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கல்லூரியிலிருந்து கடல் இரண்டு கட்டை தூரம். மாடியிலுள்ள விஞ்ஞான ஆய்வுகூடத்தின் யன்னலைத் திறந்தால் பின்னேரங்களில் உப்புக்காற்று வரும். அப்படியிருந்தும் நான் இங்கு படித்த பதின்மூன்று வருடங்களில் கல்லூரி எங்களை ஒரே ஒரு தடவைதான் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றது. கணுக்கால் நனையலாம். முழங்கால் நனைந்தால் ரீச்சரின் விசில் கேட்கும். வீட்டிலும் அதே சட்டம்தான். கடல் மீன் வரும் திசை, அவ்வளவுதான்.

பிறகு போர் வந்தது. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்ட பின், குடாநாட்டை விட்டு வெளியே போக எஞ்சியிருந்த வழி கிளாலிக் கடனீரேரி என்பது என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். 1993இல் எனக்கு வயது பதின்மூன்று. அப்பா கொழும்பில் வேலை. அவரைப் பார்க்க அம்மாவும் நானும் ஓர் இரவு கிளாலியில் படகேறினோம். விளக்கில்லை. யாரும் கதைக்கவில்லை. உயிர்காப்பு அங்கி என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அம்மா தன் சேலைத் தலைப்பை என் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்திருந்தா. எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. படகு கவிழ்ந்திருந்தால் அந்த முடிச்சு எங்கள் இருவரையும் சேர்த்து மூழ்கடித்திருக்கும். அதை நான் மருத்துவம் படித்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அம்மாவிடம் நான் அதைச் சொன்னதில்லை. அன்றிரவு அவவிடம் இருந்தது அந்த ஒரு முடிச்சுத்தான்.

நாங்கள் கரை சேர்ந்தோம். அந்த நீரில் கரை சேராதவர்கள் பலர்.

2004 டிசம்பர் 26 அன்று நான் மருத்துவபீட மாணவி. அன்று வைத்தியசாலையில் நான் பார்த்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆழிப்பேரலையில் பல இடங்களில் ஆண்களை விடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள் என்பது பின்னர் ஆய்வுகளில் பதிவாகியது. பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்தது, கட்டியிருந்த உடை, நீந்தவும் மரம் ஏறவும் பழக்கப்படாதது என்பனவெல்லாம் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

ஆகவே நான் கடலை வெறுத்தேன். கனடாவுக்குப் போய், வேலை கிடைத்ததால் வன்கூவர் தீவில் குடியேறிய பிறகும், பசுபிக் சமுத்திரத்தைக் காரின் கண்ணாடிக்குள்ளிருந்துதான் பார்த்தேன். என் பிள்ளைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். பாடசாலையில் படிக்கும்போதே நீந்தக் கற்றுக்கொண்டார்கள். மகள் ஏழு வயதில் என்னைக் கேட்டாள், "அம்மா, நீங்கள் ஏன் எப்பவும் வாங்கிலேயே இருக்கிறீங்கள்?" நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் துவாயுடன் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு அந்தக் கேள்வி எங்கே குத்தும் என்று தெரியும். நாற்பதாவது வயதில், என்னைவிட இருபது வயது இளைய ஒரு பிள்ளையிடம், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு முகத்தை நனைக்கக் கற்றேன்.

அதன் தொடர்ச்சிதான் இந்தப் பயணம்.

வன்கூவர் தீவின் மேற்குக் கரையில் பார்க்லி சவுண்ட் என்று ஒரு பெரிய விரிகுடா உண்டு. அதன் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளும் பாறைகளும் சிதறிக் கிடக்கின்றன. பெயரும் அப்படித்தான், புரோக்கன் குறூப், உடைந்த கூட்டம். 1970இல் உருவாக்கப்பட்ட பசுபிக் றிம் தேசிய பூங்கா ஒதுக்கிடத்தின் ஒரு பகுதி அது. வீதி இல்லை, கடை இல்லை. பல இடங்களில் கைத்தொலைபேசியும் வேலை செய்யாது. ஏழு தீவுகளில் மட்டுமே கூடாரம் அடிக்க அனுமதி. நம்பிக் குடிக்கக்கூடிய நன்னீர் இல்லாததால் தண்ணீரையும் நாமே கொண்டுபோக வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று கணக்கிட்டு, நால்வருக்கு நான்கு நாட்களுக்கு 64 லீற்றர் ஏற்றினோம். ஓநாயும் கரடியும் உலாவும் இடம் என்பதால் உணவை மட்டுமல்ல, பற்பசையைக்கூடக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது.

போனது கயாக்கில். கயாக் என்பது ஆர்க்டிக் பிரதேச மக்கள் சீல் வேட்டைக்காகக் கண்டுபிடித்த ஒடுங்கிய வள்ளம். மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்துத் தைத்தார்கள். இன்று அதே வடிவத்தைப் பிளாஸ்ரிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்கிறார்கள். இடுப்புவரை உள்ளே இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்து, இரு பக்கமும் அலகுள்ள துடுப்பால் வலிக்க வேண்டும். அலை உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி ஒரு துணி மூடியிருக்கும். நீர்மட்டத்திலேயே உட்கார்ந்திருப்பதால் கடல் நம் முழங்கையில் இருக்கிறது. எங்களிடம் இருவர் அமரும் கயாக்குகள் இரண்டு. ஒன்றில் கணவரும் பதினைந்து வயது மகனும். மற்றதில் முன்னால் பதினொரு வயது மகள், பின்னால் நான். தனிக் கயாக்கில் வழிகாட்டி. அவர் முப்பது வயதுப் பெண்.

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. முதல் வருடமே ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தோம். கவிழ்ந்த வள்ளத்திலிருந்து வெளியே வருவதைச் சுடுநீர் விட்ட நீச்சல் தடாகத்தில் நான் மூன்று தடவை செய்து காட்டிச் சித்தியடைந்தேன். மகளும் மகனும் அதையே ஒரு குளிர்ந்த ஏரியில் பழகினார்கள். எனக்கு ஏரி குளிர் என்று சாட்டுச் சொல்லிக் கரையில் நின்றேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூலை மாதம் ஒரு காலைப்பொழுதில் டொக்வாட் குடாவிலிருந்து இறங்கினோம். முதல் இரண்டு நாட்களில் நான் கண்டது ஒரு புதிய உலகம். நம் ஊரில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு முழத்துக்குச் சற்று மேல் இருக்கும். அங்கே அது 4 மீற்றரை எட்டும். காலையில் வள்ளம் ஓடிய இடம் மத்தியானம் பாசி படிந்த பாறைவெளி. வற்றின்போது ஊதாவும் செம்மஞ்சளுமாய் நட்சத்திர மீன்கள் கைப்பிடி கைப்பிடியாக ஒட்டிக் கிடக்கும். வெண்தலைக் கழுகு நம் ஊர்க் காகம் போல மரத்துக்கு மரம் இருந்தது.

இரண்டாம் நாள் வற்றில் வழிகாட்டி ஒரு கரையைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் கல்லை அடுக்கி வளைவாகக் கட்டிய சுவர்கள் நீருக்கடியிலிருந்து எழுந்தன. அவை மீன்பொறிகள். பெருக்கில் மீன் சுவரைத் தாண்டி உள்ளே வரும், வற்றில் தண்ணீர் போய்விடும், மீன் நின்றுவிடும். நான் சிரித்துவிட்டேன். எங்கள் கடனீரேரியில் தடி நட்டுக் கட்டும் சிறகுவலையும் வழிதேடிப் போகும் மீனை மறித்துப் பிடிக்கும் அதே யோசனைதான். நான் பஸ்ஸில் இருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் சொல்ல ஆள் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த தோழி கரையோரக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருபவள். புவியியல் பாடத்தில் பருவக்காற்றுக்கு அம்புக்குறி போட்டு நான் எண்பதுக்கு மேல் புள்ளி எடுத்தேன். அவளுக்குப் புள்ளி குறைவு. ஆனால் காலையில் கொப்பியை மேசையில் வைக்கும்போதே "இண்டைக்குப் பின்னேரம் கச்சான் எழும்பும்" என்பாள். எழும்பும். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்கு அவளிடம் பெயர்கள் இருந்தன. எங்களிடம் அம்புக்குறி இருந்தது. பரீட்சையில் அம்புக்குறியைத்தான் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் அதிகாலையில், கடல் எண்ணெய் போல் கிடந்த நேரத்தில், வெளி ஓரத்திலுள்ள பென்சன் தீவுக்குப் போனோம். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. ட்சிஷாட் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் இனம் தோன்றிய இடமாகப் போற்றும் தீவு அது. அகழ்வாய்வில் ஏறத்தாழ 5,000 வருடக் குடியிருப்பின் தடயங்கள் அங்கே கிடைத்துள்ளன. தேவதாரு மரத்தைக் குடைந்த வள்ளங்களில் திமிங்கிலம் வேட்டையாடிய மக்களின் சந்ததியினர். இன்றும் கோடையில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கடற்கரைக் காவலர்கள் இந்தத் தீவுகளைப் பராமரிக்கிறார்கள்.

அந்த மக்களின் பிள்ளைகள் பலர் போர்ட் அல்பேர்னி நகரில் இருந்த வதிவிடப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார்கள். பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிடமிருந்தும் கடலிடமிருந்தும் பிரித்து வளர்ப்பதே அத்தகைய பாடசாலைகளின் நோக்கமாக இருந்தது. அது 1973இல்தான் மூடப்பட்டது. அதை அந்தக் கரையில் நின்று யோசித்தபோது எனக்கு ஏதோ செய்தது. பாடசாலை என்றால் அறிவைத் தரும் இடம் என்று மட்டும் நம்பி வளர்ந்தவள் நான். ஒரு பாடசாலை அறிவைப் பறிக்கவும் முடியும். எங்கள் கல்லூரி அப்படி எதையும் யாரிடமிருந்தும் பறித்ததில்லை. இரண்டையும் ஒப்பிடுவது பாவம். ஆனால் என் தோழி சைக்கிளில் சுமந்து வந்த அறிவைக் கல்லூரி வாசலில் நாங்கள் யாரும் இறக்கி வாங்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கியது.

இந்த யோசனையிலும், படம் எடுப்பதிலும் நேரம் போய்விட்டது. பத்து மணிக்குப் புறப்பட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் கோடைகாலத்தில் காலை அமைதியாகவும், மத்தியானத்துக்குப் பின் மேற்குக் காற்று வலுத்தும் இருக்கும். இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று கேட்டது நான்தான். புறப்பட்டபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

பாதி வழியில், இரண்டு தீவுகளுக்கு இடையே கடல் திறந்து கிடக்கும் இடத்தில், கச்சான் எழும்பியது. அதை நான் தோழியின் சொல்லால்தான் நினைத்தேன். அலை பக்கவாட்டில் வந்தது. துடுப்பை நீரில் வைத்து அலைப் பக்கம் சாய வேண்டும் என்பது பாடம். நான் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கயாக் கவிழ்ந்தது.

இனி மருத்துவராகச் சொல்கிறேன். 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழும் உடலுக்கு முதலில் நேர்வது விறைப்பு அல்ல. தோல் குளிரை உணர்ந்த கணமே, நம் விருப்பமின்றி ஒரு பெருமூச்சு உள்ளே இழுபடும். வாய் நீருக்குள் இருந்தால் இழுபடுவது தண்ணீர். அதைத் தொடர்ந்து மூச்சு கட்டுப்பாடின்றி வேகமாக ஓடும், இதயத்துடிப்பு ஏறும். மனிரோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று எளிமையாக்கினார். மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம். கை கால் சொற்கேட்டு இயங்கும் காலம் பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்புவதற்கு ஒரு மணித்தியாலம். பலர் சாவது முதல் நிமிடத்தில்தான். உயிர்காப்பு அங்கி அணிந்து, அந்த ஒரு நிமிடம் பதறாமல் மிதந்துவிட்டால், மிச்ச நேரம் நம் கையில்.

இதை நான் நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பயணத்துக்கு முன் என் குடும்பத்துக்கே சொன்னேன். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. துணியை இழுத்து வெளியே வந்துவிட்டேன், எப்படி என்று தெரியாது. தலை மேலே வந்தது. அங்கி என்னைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஆனாலும் எனக்கு மூச்சு வரவில்லை. மகளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பதின்மூன்று வயது, இடுப்பில் சேலைத் தலைப்பு, சுற்றிலும் கறுப்புத் தண்ணீர்.

கவிழ்ந்த வள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து குரல் கேட்டது. "அம்மா, வள்ளத்தைப் பிடியுங்கோ! மூச்சை எண்ணுங்கோ! என்னோட சேர்ந்து எண்ணுங்கோ!" அவள் ஒரு கையால் கயாக்கைப் பிடித்துக்கொண்டு, உதடு நடுங்க நடுங்க, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். நானும் எண்ணினேன். பன்னிரண்டோ பதின்மூன்றோ வந்தபோது என் மூச்சு என்னிடம் திரும்பி வந்தது.

வழிகாட்டி அதற்குள் தன் கயாக்கைக் குறுக்காகக் கொண்டுவந்து, எங்கள் வள்ளத்தின் மூக்கைத் தூக்கித் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, முதலில் மகளையும் பிறகு என்னையும் ஏற்றினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் கத்தவுமில்லை, அவசரப்படவுமில்லை. கணவரும் மகனும், பழகியபடி, சற்றுத் தள்ளி அலைக்கு முகம் கொடுத்துக் காத்து நின்றார்கள். அருகில் வந்து அவர்களும் கவிழ்ந்துவிடக் கூடாது அல்லவா? அந்த ஐந்து நிமிடமும் சும்மா நின்றதுதான் தன் வாழ்நாளில் மிகக் கடினமான வேலை என்று கணவர் பின்னர் சொன்னார்.

அருகிலிருந்த கரையில் ஏறி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் கம்பளித் தொப்பியும் போட்டு, படுக்கைப்பைக்குள் மகளை இட்டு, சீனி கூடப் போட்ட சூடான கொக்கோ கொடுத்தோம். அரை மணித்தியாலத்தில் அவள் பிஸ்கற் கேட்டாள். நான்தான் அதற்குப் பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கூடாரத்துக்குள் அவள் கேட்டாள். "அம்மா, உங்கட ஊரைச் சுற்றிக் கடல்தானே? பின்னை ஏன் உங்களுக்கு ஒருத்தரும் நீந்தச் சொல்லித் தரேல்லை?"

அன்புள்ள சகோதரிகளே, நான் எத்தனையோ பரீட்சைகளுக்கு விடை எழுதியவள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. போர் என்று சொல்லலாம். அது பாதி விடை. போருக்கு முன்பு படித்த என் அம்மாவுக்கும் நீந்தத் தெரியாது. போர் முடிந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்று இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கும் சீருடைப் பிள்ளைகளிடம் நேற்றுக் கேட்டுப் பார்த்தேன். பத்துப் பேரில் ஒருத்தி கை உயர்த்தினாள்.

எங்கள் கடலில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் பதற்றம் எல்லா நீரிலும் ஒன்றுதான், அதற்குப் பசுபிக் சமுத்திரம் தேவையில்லை. கிணறு போதும், குளம் போதும், மாரியில் நிரம்பிய வாய்க்கால் போதும். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப்பாதுகாப்பும் கற்பிப்பதை அந்த நிறுவனம் தடுப்பு வழிகளில் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2021இலிருந்து யூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறது.

என் மகள் நீச்சல் வீராங்கனை அல்ல. போட்டிகளில் கடைசியாகத்தான் வருவாள். கனடாவின் லைஃப்சேவிங் சொசைற்றி பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் ஆகக்குறைந்த அளவுகோல் மூன்றே மூன்று. ஆழ்நீருக்குள் உருண்டு விழ வேண்டும். ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும். 50 மீற்றர் நீந்த வேண்டும், எந்தப் பாணியிலும். என்னைக் காப்பாற்றியது அந்த மூன்றில் இரண்டாவது.

இப்போது என் கோரிக்கை. நூற்றாண்டு ஞாபகார்த்தமாக ஒரு கட்டடம் பற்றிப் பேசப்படுவதை அறிவேன். நான் கட்டடத்துக்கு எதிரி அல்ல, நீச்சல் தடாகம் கட்டச் சொல்லவும் இல்லை. கட்டினால் அதைப் பராமரிப்பதே பெரும்பாடு. நான் கேட்பது இவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு மாணவியும், கல்லூரியை விட்டுப் போகுமுன், அந்த மூன்றையும் செய்யக்கூடியவளாக இருக்க வேண்டும். இருக்கும் தடாகம் ஒன்றை வாரத்தில் ஒரு பின்னேரம் வாடகைக்கு எடுக்கலாம். பெண் பயிற்சியாளர்களை அமர்த்தலாம். உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் உண்டு, ஆகவே உடை ஒரு தடையாக இருக்கத் தேவையில்லை. முதல் இரண்டு வருடங்களுக்குப் பயிற்சியாளர்களின் வேதனத்தை எங்கள் 1999 வகுப்புத் தோழிகள் ஏற்க முன்வந்திருக்கிறோம். மூன்றாம் வருடத்துக்கு அடுத்த வகுப்புக்காரர் கை கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. நம் கரையோரக் கிராமங்களிலிருந்து வந்து படித்த பழைய மாணவிகள் பலர் இருக்கிறார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் வற்றையும் பெருக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள். விருந்தினராக அல்ல, ஆசிரியர்களாக.

நான் சொன்ன தோழி இந்த மண்டபத்தில்தான் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். இன்று அவள் ஒரு கணித ஆசிரியை. அவளுடைய சம்மதத்துடன்தான் இதையெல்லாம் சொன்னேன். நேற்றுப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அலைப் பக்கம் எல்லோ சாஞ்சிருக்க வேணும்" என்றாள். அவளுக்கு ஆறு வயதிலேயே நீந்தத் தெரியுமாம். "ஏனடி எங்களுக்கு நீ ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள்.

நூறு வருடம் முடிந்து நூற்றியோராவது வருடம் தொடங்குகிறது. இனியாவது கேட்போம்.